கண் சிமிட்டும் பெட்டி

எங்கள் வீட்டு நடையில், செருப்பு வைக்கும் அலமாரிக்கு மேலே, ஒரு பெட்டி இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும். அதற்கு ஒற்றைச் சிவப்புக் கண். இரவு பகல் பாராமல் அந்தக் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. நானும் தினம் பத்துத் தடவை அதன் கீழே போய் வருகிறேன். "ஏன் சிமிட்டுகிறாய், என்ன சொல்லுகிறாய்?" என்று ஒரு நாளாவது கேட்டதில்லை. பால் கணக்கைச் சரி பார்ப்பேன். சலவைக்காரரின் கணக்கைச் சரி பார்ப்பேன். மளிகைக் கடைச் சீட்டில் பெருங்காயம் இரண்டு தடவை விழுந்திருக்கிறதா என்றுகூடப் பார்ப்பேன். மின்சாரக் கணக்கு மாத்திரம் எழுதி வந்தால் வந்ததுதான்.

2023ஆம் வருஷம் கோடையில்தான் அந்தப் பெட்டியை நிமிர்ந்து பார்க்கும்படி ஆயிற்று.

அந்த மே மாதம் ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் கணக்கெடுத்தபோது இரண்டு மாதத்துக்கு 508 யூனிட் என்று வந்தது. அப்போது தமிழ்நாட்டில் நடப்பில் இருந்தது 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டண அட்டவணை; உங்களில் சிலருக்கு அது மனப்பாடமாகவே இருந்திருக்கும். முதல் 100 யூனிட்டுக்குக் காசு இல்லை. மொத்தம் 500க்குள் நின்றுவிட்டால் அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், பிறகு 400 வரை 4.50, அதற்கு மேல் 6. ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஆனால் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 என்ற படியே காணாமற் போய்விடும். 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 என்று கணக்காகும். 500க்கு மேற்பட்டதற்கு யூனிட் 8 ரூபாய். எங்களுக்கு வந்த தொகை 2,014!

"எட்டு யூனிட் கூடுதலாக ஆனதற்கு 289 ரூபாயா? யூனிட் முப்பத்தாறு ரூபாய் ஆகிறதே! மின்சாரத்தை என்ன, தங்கக் கம்பியிலா அனுப்புகிறார்கள்?" என்றார் என் மாமியார். எழுபத்தெட்டு வயதாகிறது. கணக்கில் அவரை ஏமாற்ற முடியாது.

அந்த எட்டு யூனிட் யாருடையது என்பதில்தான் வீட்டில் மகாபாரதம் தொடங்கிற்று. என் கணவர் பெண்ணின் வெந்நீர்க் குளியலைக் குற்றம் சொன்னார். பெண், அப்பாவின் ஏ.ஸி.யைச் சொன்னாள். நான் பொதுவாக எல்லோரையும் சொன்னேன். மாமியார் மீட்டரையே சொன்னார். "பழைய மீட்டரில் ஒரு சக்கரம் இருந்தது. ஓடுவதைக் கண்ணால் பார்ப்போம். அயர்ன் போட்டால் வேகமாக ஓடும், அணைத்தால் மெதுவாகும். இது என்ன, சிமிட்டுகிறதே தவிர ஒன்றும் சொல்லக் காணோமே!"

துத்தநாகத் தகடு

மாமியார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மின்சாரத்தை அளப்பது எப்போது தொடங்கிற்றோ, அதை யார் படிப்பது என்ற சங்கடமும் அப்போதே தொடங்கிவிட்டது.

1882ல் நியூயார்க் நகரில் எடிஸன் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தார். கொடுத்ததற்குக் காசு வாங்க வேண்டுமே! அவர் வைத்த மீட்டர் ஒரு கண்ணாடிச் ஜாடி. உள்ளே ரசாயனத் திரவம். அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குள் போகும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு ஜாடி வழியாக ஓடும். ஓட ஓட ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் போய்ப் படியும். மாதம் ஒரு தடவை ஆள் வந்து தகடுகளை எடுத்துக்கொண்டு போய்த் தராசில் நிறுத்து, எடை வித்தியாசத்துக்கு ஏற்ப பில் அனுப்புவார்கள். குளிர்காலத்தில் திரவம் உறைந்து போகாமல் இருப்பதற்காக ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு வேறு!

வீட்டுக்காரருக்கு இதில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. தராசு அவர்களுடையது, எடைக்கல் அவர்களுடையது, கணக்கும் அவர்களுடையது. அந்த மீட்டரை ஜனங்கள் நம்பவில்லை என்றால் ஆச்சரியம் என்ன?

பிறகுதான் சக்கரம் வந்தது. இத்தாலியில் காலிலியோ ஃபெராரிஸ் என்பவர், மின்சாரத்தினாலேயே சுழலும் காந்த மண்டலத்தை உண்டாக்கலாம் என்று 1885ல் செய்து காட்டினார். அந்தத் தத்துவத்தை வைத்து, புடாபெஸ்ட் நகரில் ஓட்டோ பிளாத்தி என்ற எஞ்சினியர் 1889ல் ஓர் அலுமினியத் தட்டைச் சுழல வைத்து மீட்டர் பண்ணினார். நம் பாட்டிமார் வீட்டுச் சுவரில் ஓடியது அதன் வம்சம்தான். நூறு வருஷத்துக்கு மேல் உலகத்துக்குக் கணக்கு எழுதிய சக்கரம் அது. அதனிடம் ஒரு பெரிய குணம்: நின்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும்.

சரி, சிவப்புக் கண் பதில் சொல்லாதா?

கைக்கடிகாரம் போதும்

என் அக்காள் மகன் எஞ்சினியரிங் கடைசி வருஷம் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை வீட்டில் பார்க்க முடியாது. ரிச்சி தெருவில்தான் இருப்பான். சென்னை மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவைப் பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். நாம் மயிலாப்பூரில் காய்கறி பொறுக்குவதைப்போல அங்கே பையன்கள் மின்னணுச் சாமான் பொறுக்குகிறார்கள். கடுகு போல ஒன்று, மிளகு போல ஒன்று, சுக்குப் போல ஒன்று! என் மாமனார் அந்தக் காலத்தில் வீட்டிலேயே வால்வு ரேடியோ பூட்டியவர். அதனால் பாட்டிக்கும் பேரனுக்கும் ரொம்ப ஒற்றுமை.

பையன் வந்து எங்கள் சண்டையைக் கேட்டான். மீட்டரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சித்தி, இதிலே 3200 என்று போட்டிருக்கிறது பாருங்கள். 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். உங்கள் கைக்கடிகாரத்தைக் கொண்டு வாருங்கள்."

ஒரு யூனிட் என்பது 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடுவது. கணக்கைச் சுருக்கிச் சொல்லுகிறேன்: இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை வினாடி என்று பாருங்கள்; 1125ஐ அந்த எண்ணால் வகுங்கள். வருவதுதான் அந்த நிமிஷத்தில் வீட்டில் ஓடும் வாட். (உங்கள் மீட்டரில் 3200க்குப் பதில் 1600 என்றிருந்தால் 1125க்குப் பதில் 2250 என்று போட்டுக்கொள்ளுங்கள்.) பழைய மின்விசிறி ஒன்று மட்டும் ஓடினால் பதினைந்து வினாடிக்கு ஒரு சிமிட்டல்; அதாவது 75 வாட். புது மாதிரிச் சிக்கன விசிறி என்றால் முப்பது வினாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். வெந்நீர்க் கெட்டிலைப் போட்டதும் பாருங்கள், கண்ணுக்கு ஓய்வே கிடையாது. வினாடிக்கு ஒன்றுக்கு மேல்!

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்த வேடிக்கையைப் பார்த்தவர்கள் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் நடையில் கடிகாரமும் கையுமாக நிற்க, பெண் ஒவ்வோர் அறையிலும் ஸ்விட்சைப் போட்டு அணைக்க, மாமியார் பழைய டைரியில் குறித்துக்கொண்டார். கடைசியில் எல்லாவற்றையும் அணைத்தோம். குளிர்பெட்டி மாத்திரம் மிச்சம். ஆறரை வினாடிக்கு ஒரு சிமிட்டல். சுமார் 170 வாட்.

"அது ஓடும்போது அவ்வளவு எடுக்கும், தப்பில்லை. ஆனால் கொஞ்ச நேரம் ஓடி, குளிர்ந்ததும் நிற்க வேண்டும். நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி முழுவதும் சித்தி இங்கே நிற்க முடியாது. அதற்கு ஒரு ஆள் பண்ணுகிறேன்" என்றான் பையன்.

ராத்திரி காவல்

மறுவாரம் அவன் கொண்டு வந்தது ஒரு தீப்பெட்டி அளவுக் கருவி. ஒரு முனையில் வெளிச்சம் பட்டால் உணரும் சின்ன வில்லை. அதைச் சிவப்புக் கண்ணுக்கு நேரே, வெளிச்சம் புகாமல் கறுப்பு டேப்பினால் ஒட்டினான். மறு முனையில் கட்டை விரல் அகலத்தில் ஒரு பலகை. ஒவ்வொரு சிமிட்டலையும் எண்ணி, வீட்டு வைஃபை வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். 2005ல் இத்தாலியில் இவ்ரெயா என்ற ஊரில், மாணவர்கள் சுலபமாக உபயோகிக்கட்டும் என்று ஆர்டுயினோ என்ற பலகையைச் செய்தார்கள். 2014ல் சீனாவிலிருந்து ஈ.எஸ்.பி. 8266 என்ற மலிவான வைஃபை சில்லு வந்தது. அன்றிலிருந்து உலகமெங்கும் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுவென்று ஆகிவிட்டது. சாமான் எல்லாம் சேர்த்து 400 ரூபாய்கூட ஆகவில்லை என்றான்.

ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னான், நானும் அடித்துச் சொல்லுகிறேன். மீட்டரைத் திறக்கவில்லை; ஸீலைத் தொடவில்லை; ஒரு கம்பியையும் அவிழ்க்கவில்லை. தொட்டால் உயிருக்கு ஆபத்து. 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி குற்றமும்கூட. வெளியே நின்று கண்ணைப் பார்ப்பதோடு சரி.

காலையில் கைப்பேசியில் கோட்டுப் படம் வந்தது. மாடிப்படி போல ஏறி இறங்கியிருக்க வேண்டிய கோடு, ராத்திரி முழுவதும் மேஜைபோல நீட்டமாகக் கிடந்தது. குளிர்பெட்டி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை! கதவைச் சுற்றியிருந்த ரப்பர் அடியில் கிழிந்து, குளிர் வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. 170 வாட் இருபத்து நாலு மணி நேரம் என்றால் நாளுக்கு நாலு யூனிட். இரண்டு மாதத்துக்குச் சுமார் 245. எங்கள் பில்லில் பாதி! ஏ.ஸி.யும் இல்லை, வெந்நீரும் இல்லை, மீட்டரும் இல்லை. ரப்பர்.

என் கணவரும் பெண்ணும் பரஸ்பரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள் என்று எழுத ஆசை. கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தப் படத்தில் இன்னொன்றும் இருந்தது. மூன்றரை மணி வாக்கில், மேஜைமேல் ஊசி நட்ட மாதிரி ஒரு கோடு. நாலு நிமிஷம், 1500 வாட். பையன் யோசனையில்லாமல் கேட்டுவிட்டான்: "பாட்டி, விடியற்காலை மூன்றரைக்குக் கெட்டிலில் என்ன போட்டீர்கள்?"

மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது. டாக்டர் ஒரு வேளைக் காப்பிதான் என்று சொல்லியிருந்தார். ரகசியமாக இன்னொரு வேளை நடந்துகொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் கோபத்தைக் காட்டவில்லை. மெதுவாகச் சொன்னார்: "ஏண்டா, அறுபது வருஷமாக இந்தக் குடும்பத்தில் இருக்கிறேன். நான் எப்போது எழுந்திருக்கிறேன், என்ன குடிக்கிறேன் என்பதைச் சுவரில் இருக்கிற பெட்டி சொல்லுமா?"

நாங்கள் யாரும் பேசவில்லை.

வீட்டுக்குள் ஒரு சாட்சி

'ஸ்மார்ட் மீட்டர்' என்ற பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 2021ல் மத்திய அரசு அறிவித்த திட்டம் நாடு முழுவதும் 25 கோடி மீட்டர் என்று குறி வைத்தது. சென்னையில் தி. நகர் வட்டாரத்தில் முதலில் பரீட்சையாகப் பொருத்தினார்கள். மாநிலம் முழுவதற்கும் கோரிய டெண்டர் 2024 டிசம்பரில் ரத்தாயிற்று. இந்த மீட்டர் மின்சாரத்தை அளப்பது இப்போதுள்ளது மாதிரிதான். கூடுதலாக இரண்டு காரியம் செய்யும். கணக்கைக் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை குறித்து வைத்துத் தானே அனுப்பிவிடும். அங்கிருந்தபடியே இணைப்பைத் துண்டிக்கவும் கொடுக்கவும் முடியும். அதனால்தான் கைப்பேசிக்குப் போடுவதுபோல முன்பணம் போட்டு எரிக்கும் ஏற்பாடும் அதோடு சேர்ந்து வருகிறது.

சௌகரியத்தை மறைக்கக் கூடாது. இரண்டு மாதம் சேர்த்துப் படி போடும் கணக்கில், கணக்கெடுப்பு நாலு நாள் தள்ளிப் போனால்கூட 500ஐத் தாண்டிவிடும் வீடுகள் உண்டு. தானே தேதி தவறாமல் படிக்கும் மீட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் குளிர்பெட்டியை அது முதல் வாரத்திலேயே காட்டிக் கொடுத்திருக்கும். 2023 ஜூனில் திருத்திய மத்திய அரசு விதிகளில், ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்களுக்குச் சூரிய மின்சாரம் மிகுந்த பகல் வேளையில் கட்டணம் 10 முதல் 20 சதவிகிதம் குறைவு, நெருக்கடி வேளையில் அதே அளவு கூடுதல் என்று வகை செய்தார்கள். மாநில ஒழுங்குமுறை ஆணையம்தான் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். வந்தால் மாவு அரைப்பதைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் பெண்கள் என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். விதி எழுதியவர்கள் வீட்டில் யார் மாவு அரைக்கிறார்களோ தெரியாது!

பாட்டி கேட்ட கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் ஜார்ஜ் ஹார்ட் என்பவர் 1980களில், வீட்டுக்கு வெளியே உள்ள மின்கம்பியை மட்டும் கவனித்து, உள்ளே எந்தச் சாமான் எப்போது ஓடுகிறது என்று பிரித்துச் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார். பையன் காட்டிய ஊசிக் கோடு அந்த வித்தையில் சேர்ந்ததே. ஆச்சரியம் என்னவென்றால், இது ஒருவர் வீட்டை உளவு பார்க்கவும் உதவும் என்று 1989லேயே எச்சரித்து எழுதியவரும் அவர்தான்.

அரை மணிக்கு ஒரு தடவை மொத்தமாகக் குறிக்கும் மீட்டரில் நாலு நிமிஷக் காப்பி அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. ஆனால் வீட்டில் எப்போது எழுந்திருக்கிறார்கள், எப்போது படுக்கிறார்கள், எந்தெந்த நாள் வீடு பூட்டிக் கிடந்தது என்பதெல்லாம் தெரியும். நெதர்லாந்தில் 2009ல் எல்லா வீட்டிலும் கட்டாயம் வைக்க வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தபோது, அந்த நாட்டு மேல்சபை இந்தக் காரணத்துக்காகவே ஏற்க மறுத்துவிட்டது. பிறகு, வேண்டாம் என்பவர்கள் மறுக்கலாம் என்று சட்டத்தை மாற்றித்தான் நிறைவேற்றினார்கள். அங்கேயும் மாமியார்கள் இருக்கிறார்கள்போல் இருக்கிறது.

வேகமாக ஓடுகிறதா?

ஜனங்களின் பெரிய பயம் இதுவல்ல. மீட்டர் வேகமாக ஓடுகிறது என்பதுதான். 2009ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரில் இதே கூக்குரல் எழுந்தது. வெளியார் நிபுணர்களை வைத்துச் சோதித்தார்கள். 2010ல் வந்த அறிக்கை, மீட்டர்கள் சரியாகவே இருக்கின்றன, கடும் வெயிலும் கட்டண உயர்வுமே முக்கியக் காரணம் என்றது. நம் குஜராத்தில் வடோதராவில் 2024 மே மாதம், முன்பண மீட்டர் வைத்தவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். தினம் தினம் பணம் கரைவது கண்ணுக்குத் தெரிந்தால் பதறத்தானே செய்யும்? அதுவும் கோடையில்!

அதற்காக ஜனங்களுடைய சந்தேகம் எல்லாம் வெறும் பிரமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நெதர்லாந்தில் ட்வென்ட்டே சர்வகலாசாலையில் 2017ல் ஒன்பது மின்னணு மீட்டர்களைச் சோதித்தார்கள். வெளிச்சத்தைக் குறைக்கும் 'டிம்மர்' போட்ட சிக்கன பல்புகளைக் கூட்டமாக எரியவிட்டபோது, ஐந்து மீட்டர்கள் உள்ளதைவிட அதிகம் காட்டின. ஒன்று 582 சதவிகிதம் வரை! இரண்டு மீட்டர்கள் குறைவாகவும் காட்டின. சாதாரண வீட்டில் அப்படி ஆகும் என்பதில்லை. ஆனால் நல்ல மீட்டரும் சில சாமான்களோடு சேர்ந்தால் தடுமாறலாம் என்று ஆராய்ச்சிக்காரர்களே காட்டிவிட்டார்கள்.

என் அபிப்பிராயம், சந்தேகம் வந்தால் கேட்டுவிட வேண்டும் என்பது. அதற்கு வழி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மீட்டர் கணக்கு சரியில்லை என்று புகார் கொடுத்தால் ஐந்து நாளைக்குள் பக்கத்திலேயே இன்னொரு மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புகார் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் கடிகாரத்தோடு நடையில் நின்று, டைரியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் கணக்கு இருக்கிறவர்களிடம் பேசுகிற விதமே வேறு.

எங்கள் குளிர்பெட்டிக்குப் புது ரப்பர் போட்டோம். அடுத்த கணக்கெடுப்பில் 500 என்ற எல்லைக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டோம்.

பையனுடைய கருவி இன்னும் நடையில்தான் இருக்கிறது. அந்த மறுவாரமே அவன் அதில் ஒரு சின்ன ஸ்விட்ச் சேர்த்து, பாட்டியிடம் மட்டும் ஏதோ காதில் சொல்லிவிட்டுப் போனான். இப்போதெல்லாம் காலையில் கோட்டுப் படத்தைப் பார்த்தால் மூன்றரையிலிருந்து நாலு மணி வரை கோடு அறுந்து வெறுமையாக இருக்கிறது. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. காப்பிப் பொடி டப்பாவை மாத்திரம் நான் முன்போல மேல் தட்டில் வைக்காமல், எட்டும்படி கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் படுக்கிறேன்.